ஓக்பூன் துடைக்காத மவுஸ்

மேசையில் கிடந்த மவுஸை எடுத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் ஓக்பூன். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு இழுப்பு.

"பொரிச்ச கோழி. தின்னுட்டுக் கையைத் தொடைக்கவே இல்ல, கழுதை. ஆனா பிடி மட்டும் ராஜா பிடி."

அதற்கப்புறம்தான் ஸ்பிரிட் நனைத்த துணி. முதுகில் ஒரு தேய்ப்பு, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று, சக்கரத்துக்குள் பஞ்சுக் குச்சியால் ஒரு சுற்று, அடியில் வழுக்கிக்கொண்டு போகிற பட்டைகளைப் பழைய பல்துலக்கியால் ஒரு தட்டு. மொத்தம் நாற்பது விநாடி. அடுத்த மேசை.

மணிக்கணக்கில் கணினியும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற பிசி பாங் அது. ஜொன்ஜூ நகரத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, பன்றிக்குடல் சூப் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. எண்பத்து நான்கு இருக்கை. எண்பத்து நான்கு மவுஸையும் எட்டு மணிக்குள் பார்த்து, முகர்ந்து, துடைத்து முடித்துவிட்டுத்தான் ஓக்பூன் அடுப்படிக்குப் போய் முதல் பானைத் தண்ணீரை வைப்பாள். வந்து உட்காருகிறவர்களுக்கு ராம்யொன் நூடுல்ஸ் கிளறிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை என்று முதலாளி யாங் நினைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது கூடுதல் வேலை. பார்ப்பதற்கும் முகர்வதற்கும் அவர் சம்பளம் தரவில்லை.

வயது அறுபத்தொன்று. காலிஃபிளவர் மாதிரிச் சுருட்டிவிட்ட முடி. முழங்கை வரைக்கும் ரோஸ் நிற ரப்பர் கையுறை. கைக்குழந்தைக்காரி இடுப்பைச் சாய்த்து நிற்பதுபோல எப்போதும் ஒரு பக்கமாகவே நிற்பாள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் "சித்தி". அவளுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எண்கள். "ஏ இருபத்தாறு, கிம்ச்சிய மிச்சம் வச்சா அடுத்த தடவை கிடையாது, சொல்லிட்டேன்." இருபத்தாறாம் இருக்கைக்காரர் ஐம்பது வயது வங்கி அதிகாரி. வாயை மூடிக்கொண்டு கிம்ச்சி ஊறுகாயைத் தின்பார்.

இங்கே வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் ஒரு நாளும் அவள் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. திரையில் ஓடுவதை நின்று பார்த்தாலே தலை சுற்றும். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே விளையாட்டு: சுடுறது, வெட்டுறது. ஆனால் கைகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். மவுஸின் முதுகு முழுக்க மங்கலாக எண்ணெய் படிந்திருந்தால் அவன் மூடுறவன். உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் கவிழ்த்துப் படுக்கவைக்கிறவன். முதுகின் பின்பாதியில் மட்டும் ஒரு பிறைக்கறையும், முன்னால் பொத்தான்களில் நகக்கீறலும் இருந்தால் கவ்வுறவன். முதுகு பளிச்சென்று இருக்க, விலாக்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக அழுக்கு இருந்தால் கிள்ளுறவன். பெண்ணாக இருந்தாலும் அவள் வாயில் 'வன்'தான், 'வள்' கிடையாது.

இதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அவள் ஒரு சலவைக்கடையில் இருந்தாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தே, இந்த ஆள் எந்தத் தோளில் பை மாட்டுவான், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவான், வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் சொல்லிவிடுவாள் என்று பேச்சு. மவுஸ் அவளுக்கு இன்னொரு காலர், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் பன்னிரண்டாம் இருக்கை மவுஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது விலாவில் தினமும் புதிதாக விழுகிற ஒரு மெல்லிய கீறலை அன்று காணவில்லை. அந்த இருக்கைப் பையன் வலது கை மோதிர விரலில் காதலியோடு சோடி மோதிரம் போட்டிருந்தவன். சாயந்தரம் அவன் வந்து ராம்யொன் கேட்டபோது, அவன் விரலைப் பார்க்காமலேயே ஒரு முட்டைக்கு இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கொடுத்தாள். அவன் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

இதைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, விரலைப் பார்க்காமல் எப்படித் தெரிந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான் ரா ஹாக்யோங். அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது: தன் கையை இந்த அம்மாளிடம் காட்டினால் என்ன?

ஹாக்யோங்குக்கு வயது முப்பத்தொன்று. பகலில் வீட்டில் உட்கார்ந்து, இணையக் கடைகளுக்காகப் பொருட்களின் படங்களை வெட்டுவாள். செருப்பு, பொம்மை, பீங்கான் கோப்பை, முடியுள்ள பொம்மை நாய். பின்னணியை நீக்கி, விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மவுஸால் தட்டிக்கொண்டே போகவேண்டும். ஒரு நாய்ப் பொம்மைக்கு நானூறு தட்டு. சாயந்தரம் பிசி பாங் வந்தால் சுடுறது. ஐந்து பெண்கள் சேர்ந்த குழு. நகரப் போட்டியில் அரையிறுதிக்கு வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. சோறு போடுவதும் அந்தக் கை, சந்தோஷம் தருவதும் அந்தக் கை.

அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்கள் வசந்த காலத்திலிருந்து மரத்துப்போய்க்கொண்டிருந்தன.

முதலில் ஊசி குத்துகிற மாதிரி. பிறகு பஞ்சு சுற்றிய மாதிரி. சோற்றோடு வைக்கிற கருப்புப் பயற்றங்கொட்டை, சாப்பிடுகிற குச்சியில் எடுத்தால் நிற்கவில்லை. கீழ்க்குச்சியைத் தாங்குகிற மோதிர விரல் ஏமாற்றியது. ஹாக்யோங் மவுஸைத்தான் சந்தேகப்பட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அளவுகோலை வைத்து மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தாள். அட்டவணையைப் பார்த்து ஒன்று வாங்கினாள். சரிப்படவில்லை. சல்லடை மாதிரி ஓட்டை போட்ட எடை குறைந்த மவுஸ் ஒன்று. நிமிர்ந்து நிற்கிற, கையைக் குலுக்குகிற மாதிரிப் பிடிக்கவேண்டிய ஒன்று. அதில் படம் வெட்ட முடிந்தது, சுட முடியவில்லை. கடைசியாக, உலகப் போட்டியில் ஜெயித்தவன் வைத்திருக்கிற அதே மவுஸ்.

நான்கையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் கொட்டினாள்.

"சித்தி, இதுல எது எனக்குச் சரின்னு சொல்லுங்க."

ஓக்பூன் வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த வெள்ளை எதுக்கு?"

"அது சாம்பியன் வச்சிருக்கிறது."

"சாம்பியன் பல்செட்டை வாங்கி மாட்டிக்கிட்டா அவன மாதிரிச் சிரிக்க முடியுமா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாக்யோங் காது சிவந்துபோய், "சும்மா ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

"பாக்குறதுக்கு இதுல என்ன இருக்கு? எல்லாம் புதுசு. புதுச் சட்டைக் காலர்ல என்ன எழுதியிருக்கும்? வேலைக்கு எது, விளையாட்டுக்கு எது?"

"வேலைக்கு அந்த நிமிந்தது. விளையாட்டுக்குச் சல்லடை."

"கை எத்தனை?"

"ஒண்ணு."

"ஒரு கைக்கு ரெண்டு புருஷனா? அது யார் பேச்சைக் கேக்கும்?" கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னிலேருந்து ஏழு நாள் முப்பத்தேழுல உக்காரு. வேற எடத்துல உக்காராத. அங்க இருக்கிற கருப்பு மவுஸை மாத்தாத. கையில கிரீம் தடவிக்கிட்டு வராத. தொடைக்காத. எட்டாம் நாள் காலையில ஏழு மணிக்கு வா."

அந்த ஏழு நாளும் ஓக்பூன் முப்பத்தேழாம் மவுஸைத் துடைக்கவில்லை. எண்பத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஹாக்யோங் எழுந்து போனதும் திரையின் மேல் "பழுது" என்று ஒரு அட்டை தொங்கும். அவள் வரும்போது காணாமல் போகும். தன் கை அழுக்கை ஒருத்தி நாள்கணக்கில் சேமித்து வைப்பதை நினைத்தால் ஹாக்யோங்குக்கு உடம்பு கூசியது. அந்த மவுஸில் நாளுக்கு நாள் மினுமினுப்பு ஏறிக்கொண்டே போனது. டயரியைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் சாயந்தரம் முதலாளி யாங் அவளைக் கல்லாவிலேயே மடக்கினார். மனிதர் நாற்பத்தைந்து வயதில் இரண்டு தொப்பை சுமப்பவர். எண்பத்து நான்கு இருக்கைக்கும் விளக்கு எரிகிற ஒரே மாதிரி மவுஸ் வாங்கிப்போட்டு, வரிசையாகப் படம் எடுத்து வாசலில் மாட்டவேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை.

"உன்னால இன்னிக்குக் கடையே சிரிப்பாச் சிரிச்சுது, தெரியுமா?"

அன்று காலை பல்கலைக்கழகத்தில் வகுப்புப் பதிவு. பத்து மணி அடித்ததும் கணினியில் கதவு திறக்கும். நல்ல வகுப்புகள் கண் இமைப்பதற்குள் நிரம்பிவிடும். இணையம் வேகமாக ஓடுவது பிசி பாங்கில்தான் என்பதால் ஊர் மாணவர்கள் மொத்தமும் இங்கேதான் இறங்குவார்கள்.

"ஒம்பதரைக்கே எண்பத்து மூணும் நிரம்பிப்போச்சு. ஒரு கண்ணாடிக்காரப் பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்து, முப்பத்தேழுல இருந்த அட்டையைப் பிச்சுட்டா. இந்த அக்கா என்ன பண்ணாங்கன்னு நெனைக்கிற? கரண்டியோட ஓடி வந்து நாற்காலியில உக்காந்துட்டாங்க! அந்தப் பொண்ணு அழுவுது. அந்த ஒரு வகுப்பு கிடைக்கலேன்னா இன்னும் ஒரு அரை வருஷம் படிக்கணுமாம். அக்கா அசையல. நான் கத்துறேன். அக்கா அசையல."

"கதை அளக்காத தம்பி" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "மூணு நிமிஷத்துல எழுந்துட்டேன்."

"எழுந்தாங்க. ரெண்டு குச்சியால அந்தக் கருப்பு மவுஸை, செத்த நண்டைத் தூக்குற மாதிரி வயரைப் பிடிச்சுத் தூக்கி, காலி ராம்யொன் டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டாங்க. அந்தப் பொண்ணு கையை ஒரு தடவை புரட்டிப் பாத்தாங்க. அடுப்படி டிராயர்லேருந்து ஒரு குட்டி மவுஸைக் கொண்டாந்து செருகினாங்க. நான் சொன்னேன், அக்கா, தட்டப்போறது ஒரே ஒரு தட்டு, அதுக்கு எந்த மவுஸா இருந்தா என்னன்னு."

"உன் பொண்டாட்டி செருப்பைப் போட்டுக்கிட்டு மூணு மாடி எறங்கு, அப்புறம் சொல்லு" என்றது குரல்.

யாங் ஹாக்யோங்கைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பத்து மணி ரெண்டு விநாடிக்குக் கிடைச்சிடுச்சு அவளுக்கு. அழுதுகிட்டே அக்காவைக் கட்டிப் பிடிச்சுட்டா. ரெண்டு விநாடி! வந்தவங்கள்ல பாதிப் பேருக்குக் கிடைக்கல."

அந்த டிராயரை ஹாக்யோங் அப்புறம்தான் கவனித்தாள். மசாலாப் பொட்டலங்களுக்குக் கீழே இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது, யாங் கழித்துப் போட்டது, சக்கரம் உடைந்து ஓக்பூன் சரிசெய்தது என்று இருபத்தாறு மவுஸ். ஒவ்வொன்றின் வயரிலும் ரொட்டிப் பைக்குப் போடுகிற கம்பி முடிச்சு. மாவு நிறுக்கிற தராசில் வைத்து எடை பார்த்திருந்தாள். ஐம்பத்தெட்டு கிராமுக்கும் நூறுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "நிறையத் தட்டுறவனுக்கு லேசு வேணும், நிதானமா விளிம்பைப் பிடிச்சுப் போறவனுக்குக் கொஞ்சம் கனம் வேணும், ரெண்டும் பண்றவனுக்கு நடுவுல" என்பாள். பொத்தானைக் குச்சி நுனியால் அழுத்தி, எத்தனை அழுத்தத்துக்கு இறங்குகிறது என்று காதால் கேட்பாள். மவுஸ் நல்லதா என்பதற்கு அவளுக்கு ஒரே சோதனை. "கை தூங்கணும், விரல் முழிச்சிருக்கணும்."

எட்டாம் நாள் காலை. ஹாக்யோங் குளிர்சாதனத்துக்குப் பயந்து எப்போதும் போடுகிற நீளக்கைக் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றாள். மனதுக்குள் அந்த இருபத்தாறில் தனக்கு எது என்று ஒரு ஊகம்கூட வைத்திருந்தாள்.

ஓக்பூன் முப்பத்தேழாம் மவுஸைக் குச்சியால் தூக்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தாள். மற்ற மவுஸ்களுக்கு ஐந்து விநாடி பார்ப்பவள், இதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுற்றினாள். சாய்த்தாள். திரும்பச் சுற்றினாள்.

"இங்க வா. என்ன தெரியுது?"

இடது விலாவில் கட்டைவிரல் குழித்த இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. முன்னால் இரண்டு பொத்தான்களிலும் இரண்டு தெளிவான நீள்வட்டம். முதுகில் லேசான பிறை.

"கவ்வுறவன்" என்றாள் ஹாக்யோங், பாடம் ஒப்பிப்பதுபோல.

"அது கெடக்கட்டும். இந்தப் பக்கம் பாரு."

வலது விலா கடையிலிருந்து பிரித்தெடுத்த மாதிரி இருந்தது. ஒரு புள்ளி அழுக்கில்லை.

"மோதிர விரலும் சுண்டு விரலும் எங்க?"

"அங்கதான் வைக்கிறேன், சித்தி."

"வைக்கிறேன்னு நீ நெனைக்கிற."

ஹாக்யோங் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு நாள். தினம் மூன்று மணி நேரம். அந்த இரண்டு விரலும் அங்கே இருந்ததாக அவள் தலை சொல்லிக்கொண்டிருந்தது; அவை அங்கே இல்லை என்று ஒரு அழுக்கு மவுஸ் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கைரேகை நிபுணர், மருத்துவர், போலீஸ்காரர் யாரும் இல்லை. ராம்யொன் கிளறுகிற ஒரு பெண் குச்சி நுனியில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அதற்கப்புறம் ஓக்பூன் செய்ததை ஹாக்யோங் எதிர்பார்க்கவில்லை. டிராயர் பக்கமே போகாமல், முட்டிக்கால் போட்டுத் தரையில் இறங்கினாள். கன்னத்தை மேசைப் பலகையோடு ஒட்டவைத்து, விளிம்பை நீளவாக்கில் பார்த்தாள். வெள்ளைக் காகிதத் துண்டை எடுத்து விளிம்பின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் இழுத்தாள். காகிதத்தில் ஒரே ஒரு இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்பாகப் பிடித்திருந்தது.

"சட்டைக் கையை ஏத்து."

"எதுக்கு?"

"ஏத்துடி."

கம்பளிக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். முழங்கையின் உள்பக்கத்து எலும்பில், வாட்ச் கட்டின தழும்பு போல, அடுத்தடுத்து இரண்டு கோடு. ஒன்று அகலமாக. இன்னொன்று ஒடுங்கி, அதைவிடக் கறுத்து.

ஓக்பூன் அகலக் கோட்டைத் தொட்டாள். "இது இந்த மேசை." ஒடுங்கின கோட்டைத் தொட்டாள். "இது எந்த மேசை? வீட்டுல எதுல வச்சு வேலை பாக்குற?"

"சாப்பாட்டு மேசையிலதான்."

அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற மேசை. கால் மடக்குகிற, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத சிறு மேசை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதில் சாப்பிடுவார்கள், சாப்பிட்டதும் துடைத்துவிட்டு அதிலேயே பிள்ளைகள் எழுதும், பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். குழம்புக் கிண்ணம் வழுக்கி மடியில் விழாமலிருக்கச் சுற்றிலும் தூக்கலாக ஒரு விளிம்பு அடித்திருக்கும்.

"அந்த விளிம்பு மேல முழங்கையை ஊனிக்கிட்டு நாள் பூரா தட்டிக்கிட்டு இருக்க" என்றாள் ஓக்பூன். "ராத்திரிக்கு இங்க வந்து இந்த விளிம்புல ஊன்ற. இந்த எலும்பை இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமில்ல? அதுக்கு அந்த வழியாத்தான் கம்பி போகுது. கம்பி மேல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு, பல்ப் சரியில்லன்னு நாலு பல்ப் மாத்தியிருக்க. மவுஸ் மேல ஒரு குத்தமும் இல்ல."

"சரி, இனிமே ஊன மாட்டேன்." ஹாக்யோங் டிராயர் இருந்த பக்கம் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு, சித்தி. எனக்கு எதுன்னு பாத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க, அது போதும்."

"தர மாட்டேன்."

"சித்தி!"

"டாக்டர்கிட்டப் போயிட்டு வா. அழுக்குல எழுதியிருக்கிறதுதான் எனக்குப் படிக்கத் தெரியும். தோலுக்கு உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. விரல் வராத கைக்கு மவுஸ் குடுத்தா, நாளைக்கு நீ என்னை வையுறதுக்குக்கூட விரலை நீட்ட முடியாது."

குழுவில் மற்ற நாலு பேருக்கு யார் பதில் சொல்வது, மூன்று வருஷமாக ஆடிச் சேர்த்த இடம் என்ன ஆவது என்றெல்லாம் ஹாக்யோங் கத்தினாள். ஓக்பூன் அந்த மவுஸை முப்பத்தேழில் வைத்துவிட்டு முப்பத்தெட்டைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் பயற்றங்கொட்டை மூன்று தடவை விழுந்தது. மூன்றாவது உருண்டு போய் அந்த மேசை விளிம்பில் மோதி நின்றது. ஹாக்யோங் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் அதன் மேல் கை வைத்திருந்தவளுக்கு அன்றுதான் அது கண்ணில் பட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனாள்.

கையில் ஊசி குத்திக் கரண்ட் விட்டுப் பார்த்த மருத்துவர், முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். இன்னும் அரை வருஷம் போயிருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை குழிவிழத் தொடங்கியிருக்கும். அதற்கப்புறம் அறுவைச் சிகிச்சை செய்தாலும் முழுசாகத் திரும்புமா என்பது சந்தேகம். இப்போதைக்குக் கத்தி வேண்டாம். ஆறு வாரம் முழங்கையை எதன் மேலும் ஊனக்கூடாது, தூங்கும்போது கையை நீட்டிவைக்க ஒரு பட்டை, போட்டி கூடவே கூடாது.

"விரல் மரத்துப்போனா எல்லாரும் மணிக்கட்டைத்தான் காட்டுவாங்க. நீங்க நேரா முழங்கையைக் காட்டுறீங்க. முன்னாடி எந்த டாக்டர்கிட்டப் பாத்தீங்க?"

"டாக்டர் இல்ல. நான் விளையாடுற எடத்துல ராம்யொன் போடுறவங்க."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "எப்படி?"

"மவுஸைத் தொடைக்காம விட்டாங்க" என்றாள் ஹாக்யோங்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடவில்லை. மாற்றாள் ஆடினாள், குழு தோற்றது. ஹாக்யோங் அரங்கத்தின் கடைசி வரிசையில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை மூன்று மாடி ஏறி வந்தாள்.

முப்பத்தேழாம் மேசையின் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ மாட்டியிருந்தது. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்கச் சுற்றுகிற நுரைக்குழாய். நீளவாக்கில் கீறி விளிம்பில் கவ்வவிட்டிருந்தாள் ஓக்பூன். முப்பத்தெட்டிலும் இருந்தது. முப்பத்தொன்பதிலும். யாங் தலையில் கை வைத்துக்கொண்டு வரிசையில் நடந்துகொண்டிருந்தார்.

"இது என் கடையா, குழாய் ரிப்பேர் கடையா? அக்கா, ஜனங்க படம் எடுத்துப் போடுவாங்க!"

"போடட்டும். முழங்கை இருக்கிறவன் வருவான்."

ஹாக்யோங் மருத்துவர் கொடுத்த காகிதத்தை மேடையில் வைத்தாள். ஓக்பூன் அதைப் படிக்கவில்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். டிராயரைத் திறந்து, அடியில் கைவிட்டு, ஒற்றைக் காலுறையில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அசிங்கமான மவுஸ். எலிச்சாம்பல் நிறம். விளக்கு இல்லை, ஓட்டை இல்லை. அகலமாக, முதுகு பின்பக்கம் திரண்டு இருந்தது. வலது விலாவில் படிக்கட்டு மாதிரி ஒரு சின்னத் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மோதிர விரல் உட்கார ஒரு இடம், அதன் கீழே சுண்டு விரலுக்கு ஒரு பள்ளம்.

"தொண்ணூறு கிராம். வயர் புதுசாப் போட்டிருக்கேன். வேலைக்கும் இதுதான், வெளையாட்டுக்கும் இதுதான். திரையில அம்புக்குறி ஓட்டத்தைக் கொஞ்சம் வேகமா வச்சுக்க, முழங்கையை ஊனி இழுக்கிற வேலை இருக்காது. சாப்பாட்டு மேசையில சாப்பிடு."

ஹாக்யோங் நின்ற நிலையிலேயே மேடையின் மேல் வைத்து அதில் கையை இறக்கினாள். எத்தனை அளவுகோல், எத்தனை அட்டவணை. இந்தக் கை இவ்வளவு நாள் ஒவ்வொரு மவுஸையும் பிடித்துக்கொண்டிருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதைப் பிடிக்கவேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போய்ப் படுத்தது. மரத்துப்போன இரண்டு விரலும், இடம் தெரியாமல் அலைந்தவை, யாரோ தோளைத் தொட்டு உட்காரவைத்த மாதிரி உட்கார்ந்தன. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை மறந்து, மவுஸைப் புரட்டி அடியைப் பார்த்தாள்.

"இது யாரோடது, சித்தி?"

"யாரோ விட்டுட்டுப் போனது. நாலு வருஷமா இருக்கு. எத்தனையோ பேரு கேட்டாங்க, கை சரியில்லன்னு சொல்லிட்டேன். போ, பின்னால ஆள் நிக்குது."

ஹாக்யோங் பழைய பள்ளி மேசை ஒன்றையும் நாற்காலியையும் வாங்கினாள். பாதி வேலையை வேண்டாமென்று சொன்னாள். தூங்கும்போது கையில் பட்டை. பிசி பாங் வந்தால் அரை மணி நேரம், நுரைக்குழாய்க்கு மேலே கையை மிதக்கவிட்டு, சுடாமல் நடந்துமட்டும் பார்ப்பாள். குழுவில் அவள் இடத்தை வைத்திருந்தார்கள்; அடுத்த போட்டி வசந்தத்தில். கை அதற்குள் வருமா என்று மருத்துவரும் சொல்லவில்லை, ஓக்பூனும் சொல்லவில்லை. கேட்டால், "ராம்யொன் வேணுமா, வேணாமா?" என்பாள்.

அறுவடைத் திருநாள் முடிந்து ஊர் திரும்பியவர்கள் வந்து குவிந்த ஒரு மதியம். அடுப்பில் நான்கு பானை கொதித்தது. மேடைக்கு முன்னால் பத்துப் பேர் கிண்ணத்துக்காக நின்றார்கள். ஹாக்யோங்கின் முறை வந்தது. ஓக்பூன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பல்லால் கடித்து வலது கை ரப்பர் கையுறையை இழுத்துக் கழற்றினாள். அந்தக் கையை அதுவரைக்கும் அங்கே யாரும் வெறுமையாகப் பார்த்ததில்லை. தண்ணீரில் ஊறி வெளுத்து, நகம் ஒட்ட வெட்டிய சின்னக் கை. சின்னப் பிள்ளைகள் சத்தியம் செய்யும்போது நீட்டுவதுபோலச் சுண்டு விரலை மட்டும் வளைத்து மேடைக்கு மேலே நீட்டினாள்.

ஹாக்யோங் தன் சுண்டு விரலைக் கோத்தாள்.

ஓக்பூன் இழுத்தாள். ஹாக்யோங் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். விரல் நடுங்கியது. நழுவவில்லை. ஓக்பூன் இன்னும் பலமாக இழுத்தாள்.

பின்னால் ஒரு பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. "சித்தி, பொங்குது! சித்தி!" என்று நான்கு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரலையும் விடவில்லை.